சவரத்துக்குப் பின் படிகாரக் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பு நுரை போட்டு, பிளேடு வைத்து வீட்டிலேயே சவரம் செய்கிறவர்களுக்காக எழுதியது இது. சலூனில் முகம் வழித்துக்கொள்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. அதைக் கட்டாயம் படியுங்கள். படிகாரத்தை ரத்தம் நிறுத்தும் கல் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். உங்கள் கை எந்த இடத்தில் தப்பு செய்தது என்பதை அன்றைக்கே காட்டிக்கொடுப்பதுதான் அது செய்யும் பெரிய வேலை.

படிகாரம், சீனாக்காரம், இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். ஊருக்கு ஊர் படிக்காரம், சீனாக்காரம், சீனக்காரம் என்று சொல்வார்கள். வடக்கத்திக் கடைகளில் பிட்கரி. வேதியியல் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். இந்த உப்பு தண்ணீரையும் தன் படிகத்துக்குள் கட்டி வைத்திருக்கும். கையில் கட்டியாக இருக்கும் கல்லின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் தண்ணீர்தான். சூடுபட்டால் சட்டென்று உருகுவதும் பொரிவதும் அதனால்தான்.

நீரில் கரைத்தால் புளிப்புத்தன்மை கொண்ட கரைசல் கிடைக்கும், பி.எச். அளவு 3-ஐ ஒட்டி இருக்கும். நாக்கில் பட்டால் துவர்க்கும். பாக்கு மென்றால் வாய் சுருங்குகிறதே, அதே வேலையைத்தான் படிகாரம் தோலில் செய்கிறது. மேல்தோலிலும் கசியும் ரத்தத்திலும் இருக்கும் புரதத்தை இறுக வைக்கிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களின் வாயைச் சுருக்குகிறது. புளிப்புத்தன்மையும் அலுமினியமும் சேர்ந்து தோலின் மேலுள்ள கிருமிகள் பெருகுவதையும் குறைக்கின்றன.

நாட்டு மருந்துக் கடையில் வேறு எதையாவது மாற்றிக் கொடுத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

நியாயமான பயம். வெங்காரம், நவச்சாரம், இந்துப்பு, கற்கண்டு எல்லாமே பக்கத்துப் பக்கத்து டப்பாவில் வெள்ளையாக இருக்கும். அதிகம் மாறிப்போவது வெங்காரம். அது காரத்தன்மை உள்ள பொருள், முகத்துக்கு ஆகாது.

சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு சிட்டிகை தூளை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள். படிகாரம் என்றால் பொங்கி நுரைக்கும், கலங்கலாகவும் ஆகும். வெங்காரமோ கற்கண்டோ பொங்காது. இன்னொன்று: கரைசலில் கொஞ்சம் மஞ்சள்தூள் போடுங்கள். வெங்காரம் மஞ்சளைச் சிவப்பேற்றும். படிகாரத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். நீல நிறத்தில் இருந்தால் அது துரிசு, அதாவது மயில்துத்தம். அதை முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அம்மோனியம் படிகாரம் என்றும் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் மிளகளவு எடுத்து, ஒரு பீங்கான் தட்டில் வைத்து, கொஞ்சம் படிகாரத் தூளும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டுக் குழையுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பினால் அது அம்மோனியம் வகை. நெடி இல்லையென்றால் பொட்டாசியம் வகை.

இரண்டும் ரத்தத்தை நிறுத்தும், இரண்டும் தோலை இறுக்கும். ஆனாலும் முகத்துக்கு வாங்குவதானால் பொட்டாசியம் வகையையே வாங்கச் சொல்வோம். சோப்பு மிச்சத்தோடு சேர்ந்தால் அம்மோனியம் வகை லேசாக நெடி காட்டும்; மூக்குக்குப் பக்கத்தில் தினமும் அது தேவையில்லை.

பாலிஷ் போட்ட கட்டி வாங்கலாமா, கரடு முரடான கட்டியே போதுமா?

கரட்டுக் கட்டியே போதும், பக்குவப்படுத்திக்கொண்டால். உள்ளங்கையில் அடங்குகிற 100 கிராம் கட்டி எடுங்கள். கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிற, விரிசல் இல்லாத துண்டாகப் பொறுக்குங்கள். உள்ளே பால் போல வெண்மையாகவும் நூல் நூலாகக் கோடுகளும் இருந்தால் சீக்கிரம் பிளக்கும். உடைந்த கட்டியின் விளிம்பு கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையானது; சவரம் செய்த தோலில் அதை வைத்து இழுத்தால், ரத்தத்தை நிறுத்த வந்ததே ரத்தம் வரவழைக்கும்.

பக்குவம் இதுதான். கட்டியை ஒரு நிமிடம் தண்ணீரில் முக்குங்கள். 120-ஆம் எண் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை, தரையில் விரித்து, தண்ணீர் தெளித்து, ஒரு முகத்தைத் தட்டையாகத் தேயுங்கள். எல்லா விளிம்பையும் மூலையையும் உருட்டுங்கள். பிறகு 400-ஆம் எண்ணில் ஒரு சுற்று. கடைசியாக ஈரத் துணியால் ஐந்து நிமிடம் அழுத்தித் துடைத்தால் சோப்புக்கட்டி போல வழவழப்பாகிவிடும். வாட்டர் பேப்பர் இல்லையென்றால் ஈரமான கருங்கல்லில் தேய்த்தாலும் நடக்கும், நேரம்தான் கூடும். கட்டி பெரிதாக இருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், சிதறும். ஹாக்ஸா பிளேடால் தண்ணீர் விட்டு விட்டு அறுங்கள்.

முகத்தில் வைக்கும் முன் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு முறை தடவிப் பாருங்கள். எங்காவது உரசினால், அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

சவரத்தில் எந்தக் கட்டத்தில் படிகாரம் வருகிறது? முழு வரிசையையும் சொல்லுங்கள்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் முகம் கழுவி, இரண்டு நிமிடம் தாடியை ஈரமாகவே வைத்திருங்கள். குளித்த கையோடு சவரம் செய்தால் இந்த வேலை மிச்சம். தண்ணீர் குடித்த முடி மெத்தென்று ஆகும், பிளேடுக்கு எதிர்ப்புக் குறையும்.

பிரஷ்ஷை நனைத்து, உதறி, சோப்பில் 20 முதல் 30 விநாடி சுழற்றுங்கள். முகத்தில் நுரை கட்டும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். நுரை தயிர் மாதிரி பளபளப்பாக இருக்கணும். பெரிய பெரிய குமிழ் வந்தால் தண்ணீர் அதிகம். பஞ்சு போல உலர்ந்து நின்றால் தண்ணீர் போதவில்லை.

முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே முதல் இழுப்பு. பிளேடு தோலோடு 30 டிகிரி அளவில் சாய்ந்திருக்க, ரேசரின் எடையே வேலை செய்யட்டும். இரண்டாவது சுற்று வேண்டுமானால் புதிதாக நுரை போட்டு, குறுக்கு வாக்கில். எதிர் வாக்கில் வழிப்பது எல்லாருடைய தோலுக்கும் ஒத்துவராது. கழுத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி படிகாரத்தின் நேரம். முதலில் முகத்திலிருக்கும் சோப்பு முழுவதும் போகும்வரை கழுவுங்கள். காது மடலுக்குக் கீழும் மோவாய்க்கு அடியிலும் மிச்சம் ஒளிந்திருக்கும். பிறகு நல்ல குளிர்ந்த தண்ணீரால் ஒரு முறை. முகத்தைத் துடைக்க வேண்டாம். கட்டியின் தட்டையான பக்கத்தைக் குழாயில் நனைத்து, அழுத்தாமல், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி தடவுங்கள். ஒரு கன்னம், மோவாய், மறு கன்னம், கழுத்து, கடைசியாக மேலுதடு. ஒரு இடத்துக்கு ஒரு முறை போதும். கல் வழுக்காமல் தோலைப் பிடிக்கத் தொடங்கினால் மறுபடி நனைத்துக்கொள்ளுங்கள்.

30 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் ரேசரையும் பிரஷ்ஷையும் கழுவி வைத்துவிடலாம். பிறகு குளிர்ந்த தண்ணீரால் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்க வற்றும் முன் ஆஃப்டர் ஷேவ் பாமோ சோற்றுக்கற்றாழை ஜெல்லோ தடவுங்கள்.

கழுவாமல் அப்படியே விட்டுவிடலாமே?

விடலாம், ஆபத்தில்லை. ஆனால் உலரும்போது உப்பு தோலில் தங்கி இழுத்துப் பிடிக்கும். மீசை ஓரத்திலும் கிருதாவிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அலுவலகத்துக்குப் போன பிறகுதான் தெரியும். எண்ணெய்ப் பசை நிறைந்த, வியர்த்துக் கொட்டும் முகமாக இருந்து, கழுவாமலே நன்றாக இருக்கிறதென்றால் தொடருங்கள். மற்ற எல்லாரும் கழுவுங்கள்.

தடவியதும் எரிகிறது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமை அல்ல. நல்ல சவரத்துக்குப் பிறகு படிகாரம் வைத்தால் குளிர்ச்சி தெரியும், மிஞ்சிப்போனால் லேசான சுருக். தீயாக எரிகிறதென்றால், அந்த இடத்தில் பிளேடு முடியோடு மேல்தோலையும் சேர்த்துச் சீவியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கல் வைத்தால் தெரியும். ஆகவே எரிந்தால் கல்லைத் தூக்கிப் போடாதீர்கள், எங்கே எரிகிறது என்று கவனியுங்கள்.

தாடைக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும் எரிந்தால், எதிர் வாக்கில் வழித்திருக்கிறீர்கள். கழுத்து முடி பலருக்கு ஒரே திசையில் வளர்வதில்லை. சிலருக்குக் குரல்வளையின் பக்கம் சுழி கூட இருக்கும். இரண்டு நாள் தாடியில் விரல் நுனியால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தடவிப் பாருங்கள். வழவழவென்று போகிற திசைதான் முடி சாய்ந்த திசை. சொரசொரப்பது எதிர்த்திசை. ஒரு காகிதத்தில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

மோவாயில் ஒரு புள்ளியில் மட்டும் எரிந்தால், அங்கே நுரை போன பிறகும் இரண்டு மூன்று தடவை இழுத்திருப்பீர்கள். மோவாய் முடி தடிமன், சரியாகப் போகவில்லையே என்று கை தானாக அழுத்தும். அங்கே இழுப்பைச் சிறிதாக்கி, ஒவ்வொரு முறையும் நுரையைத் தொட்டு வையுங்கள்.

ஒரு கன்னம் சாதுவாக இருந்து மறு கன்னம் மட்டும் எரிந்தால், சிக்கல் கோணத்தில். கை குறுக்கே போகிற பக்கத்தில் மணிக்கட்டு திரும்பி, பிளேடு செங்குத்தாகிவிடும். அந்தப் பக்கத்துக்கு முழங்கையைத் தூக்கிப் பாருங்கள்.

முகம் முழுவதும் ஒரே சீராக எரிந்தால் பிளேடை மாற்றுங்கள். இரட்டை முனை பிளேடு பொதுவாக 3 முதல் 6 சவரம் தாங்கும். தடித்த தாடிக்கு அதுவும் குறையும். புது பிளேடிலும் அதே எரிச்சல் என்றால் நுரை உலர்ந்துபோகிறது, அல்லது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள்.

ஒரு மாதம் இதைக் கவனித்துத் திருத்திக்கொண்டே வந்தால் எரிச்சல் வெகுவாகக் குறையும். எல்லாம் சரியாகச் செய்தும் தடவிய இடமெல்லாம் சிவந்து தடித்து, அரிப்போடு மணிக்கணக்கில் நின்றால், அது உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமைதான். அப்போது நிறுத்திவிடுங்கள்.

வெட்டுப்பட்டால் எப்படி வைப்பது?

தேய்க்கக் கூடாது. தேய்த்தால் உறைகிற ரத்தத்தை நீங்களே துடைத்து எடுக்கிறீர்கள். இடத்தைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, நனைத்த கல்லின் ஓரத்தை அந்தப் புள்ளியில் வைத்து 20 முதல் 30 விநாடி அசையாமல் பிடியுங்கள். பிளேடு நுனி பட்டுப் பொட்டுப் பொட்டாக வரும் ரத்தத்துக்கு இது போதும்.

நீளமான வெட்டாக இருந்தால் படிகாரத்தை நம்பாதீர்கள். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்கவில்லை, அல்லது வாய் பிளந்து நிற்கிற வெட்டு என்றால் மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறலிலும் ரத்தம் அதிக நேரம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பென்சில் வடிவில் விற்கும் ரத்தம் நிறுத்தி பெரும்பாலும் அலுமினியம் சல்பேட் செறிவாக உள்ளது. புள்ளி வெட்டுக்கு அது கல்லைவிட வேகம், எரிச்சலும் அதிகம். முகம் முழுக்கத் தடவ அது ஆகாது.

சவரத்தின் நடுவிலும் சிலர் கல்லைத் தொடுகிறார்களே, எதற்கு?

பிடிமானத்துக்கு. நுரை பட்ட தோலை விரலால் இழுத்துப் பிடித்தால் வழுக்கும். இடது கை விரல் நுனிகளை நனைத்த கல்லில் இரண்டு முறை தேய்த்துவிட்டு, வழிக்கும் இடத்துக்கு அடுத்த, நுரை இல்லாத தோலில் வைத்து இழுங்கள். ரப்பர் போல ஒட்டிப் பிடிக்கும். தாடை எலும்புக்குக் கீழே, மோவாயின் பக்கவாட்டில் இது பெரிய உதவி. பல சலூன்காரர்கள் கல்லைக் கண்ணாடி முன்னால் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே எச்சரிக்கை: அந்த விரலோடு பிரஷ்ஷையோ சோப்புக் கிண்ணத்தையோ தொடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

படிகாரம் வைத்ததும் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கல் மட்டமா?

கல்லில் குறை இல்லை. சோப்பும் படிகாரமும் சந்தித்தால் அலுமினியம் சோப்பு என்கிற, தண்ணீரில் கரையாத பிசின் உருவாகும். அதுதான் ஒட்டுகிறது. நுரையை முழுக்கக் கழுவாமல் கல்லை வைத்தாலும், கல் வைத்த பிறகு விட்டுப்போன முடியைப் பார்த்து மறுபடி நுரை போட்டாலும் இதே கதைதான். நுரையும் செத்துப்போகும். விட்டுப்போன முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், படிகாரத்தை நன்றாகக் கழுவிவிட்டு நுரை போடுங்கள். இன்னும் நல்லது, நாளைக்கு விட்டுவிடுவது.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இன்னொன்றும் சேரும். கடினத் தண்ணீரில் சோப்பு தானாகவே திரியும். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை படிகாரத்தோடு சேர்ந்து வெள்ளையாக, பஞ்சு போன்ற வண்டலை உண்டாக்கும். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தில் படிகாரத்தைச் சுற்றுகிறோமே, அங்கே அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குவது இதே வண்டல்தான். சவரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் வைத்துக்கொண்டால் நுரையும் நிற்கும், முகமும் சுத்தமாக இருக்கும்.

சலூனில் எல்லாருக்கும் தடவும் கல்லை என் முகத்திலும் தடவலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

சவரம் முடிந்த முகம் என்றால் கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல் உள்ள முகம். முன்னால் உட்கார்ந்தவரின் கீறலில் பட்ட கல் அடுத்தவரின் கீறலில் படுகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பிலும், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஹெபடைடிஸ் சி-யும் ரத்தம் வழியாகப் பரவுவதுதான். படிகாரம் கிருமியைக் கொல்லும், ஆகவே கல்லில் எதுவும் தங்காது என்று சொல்வது தவறு. பாக்டீரியாவின் வளர்ச்சியை அது தடுக்கும். ரத்தத்தால் பரவும் வைரஸை அழிக்கும் என்று அதை நம்ப முடியாது. தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதும் சுத்தம் ஆகாது.

பிளேடு விஷயத்தில் நிறைய மாறியிருக்கிறது. புது பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் மாட்டுவதை வாடிக்கையாளர் கண்ணெதிரே செய்கிறார்கள். அதே அக்கறை கல்லுக்கும் வர வேண்டும். நெல்லிக்காய் அளவு கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். "அண்ணே, கல்லு என்கிட்டயே இருக்கு, இதையே வைங்க" என்றால் யாரும் வருத்தப்படுவதில்லை. அதுவும் மறந்துபோனால், "கல் வேணாம்ணே, தண்ணி மட்டும் அடிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சலூன் நடத்துகிறவர்களுக்கு: 100 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் 3 கிராம் படிகாரத் தூள், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட, கரைத்து ஸ்பிரே பாட்டிலில் வையுங்கள். அடித்துவிட்டால் யார் முகமும் யார் முகத்தோடும் சேராது. வெட்டுப்பட்டால் தூளைப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிடுங்கள். கரைசலை வாரம் ஒரு முறை புதிதாகப் போட்டு, பாட்டிலின் மேல் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

வீட்டிலும் இதே விதிதான். அப்பா, மகன், அண்ணன், தம்பி யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு கல்.

தினமும் வைக்கலாமா? முகம் வறண்டுபோகாதா?

எண்ணெய்ப் பசைத் தோலுக்கு, சித்திரை வைகாசி வெயிலில், ஒவ்வொரு சவரத்துக்கும் வைக்கலாம். வறண்ட தோலுக்கு அப்படி வேண்டாம். 15 விநாடியில் கழுவிவிடுங்கள், அல்லது வெட்டுப்பட்ட இடத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் வையுங்கள். மார்கழிப் பனியில் உதட்டோரம் செதில் செதிலாக உரிந்தால் கொஞ்ச நாள் நிறுத்திவிடலாம். கழுவிய பிறகு ஈரப்பதம் தருகிற ஏதாவது தடவுவதைத் தவிர்க்கவே கூடாது. தோல் இறுகுவதை நன்மை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் அது வறட்சியாகிவிடும்.

ஆஃப்டர் ஷேவ் லோஷனும் சேர்த்துப் போடலாமா?

ஆல்கஹால் உள்ள லோஷனை முகம் முழுக்கப் படிகாரத்துக்கு மேல் போடுவது இரட்டைச் சுமை. இரண்டும் உலர்த்தும். வாசனை வேண்டுமென்றால் கழுவித் துடைத்த பிறகு இரண்டு சொட்டு போதும். சாலிசிலிக் அமிலம், ரெட்டினால் உள்ள கிரீம்களைப் படிகாரம் வைத்த அன்றைக்கு முகத்தில் போடாதீர்கள்.

அலுமினியம் உடம்புக்குள் போகாதா?

தோல் வழியாக உள்ளே போகும் அலுமினியம் மிக மிகக் குறைவு. சவரத்தில் அரை நிமிடம் வைத்துக் கழுவியும் விடுகிறோம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான்.

எக்ஸிமா, முகத்தில் திறந்த புண், சீழ் வைத்த பரு உள்ளவர்களும், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைக்க வேண்டாம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உறுத்தல் நின்றாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சவரம் செய்தால் கழுத்தில் சின்னச் சின்னக் கட்டி வருகிறது. படிகாரம் சரிசெய்யுமா?

பாதி உதவும். சுருண்ட முடி உள்ளவர்களுக்கு வழித்த முடியின் முனை திரும்பித் தோலுக்குள்ளேயே குத்தி வளர்வதால் வரும் கட்டி அது. படிகாரம் வீக்கத்தையும் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். உள்ளே வளர்கிற முடியை வெளியே கொண்டுவராது. தீர்வு பிளேடு பக்கம் இருக்கிறது: ஒரே சுற்று, முடி சாய்ந்த திசையில் மட்டும், தோலை இழுத்துப் பிடிக்காமல். பல பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசர் முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுவதால் இதைக் கூட்டும்.

வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். படிகாரத்தால் அது போகாது. தோல் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை சவரம் வேண்டாம், அந்தக் கல்லையும் பிரஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்.

பன்னீரில் படிகாரம் குழைத்துத் தடவினால் முடியே முளைக்காது என்கிறார்களே?

முளைக்கும். முடி உருவாகும் வேர் தோலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. படிகாரம் மேல்தோலோடு நின்றுவிடும். முகத்தை வெளுப்பாக்கும் என்பதும் அப்படித்தான். இதை நம்பி இரவு முழுக்கப் பூசி வைத்து முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கால், அக்குள் வழித்த பிறகு முகத்துக்குச் சொன்ன அதே முறையில் வைத்துக் கழுவலாம். அந்தரங்க உறுப்பின் மென்தோலில் வேண்டாம்.

வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய படிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தெருப் புழுதி, ஊதுபத்திப் புகை, குங்குமம் எல்லாம் அதில் படிந்திருக்கும். முகத்துக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

எப்படிப் பத்திரப்படுத்துவது? எவ்வளவு நாள் வரும்?

பயன்படுத்தியதும் ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, காற்றாட நிறுத்தி வையுங்கள். சோப்பு டப்பாவில் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அடிப்பாகம் கரைந்து சொரசொரப்பாகிவிடும். சாதாரண வெப்பத்திலேயே 100 மில்லி தண்ணீர் பத்துக் கிராமுக்கு மேல் கரைத்துவிடும். ஓட்டை உள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. இரும்பு, அலுமினியத்தில் வைக்காதீர்கள், அரிக்கும். ஒழுங்காக உலர வைத்தால் 100 கிராம் கட்டி, வாரம் மூன்று சவரத்துக்கு, ஒரு வருடத்தைத் தாண்டும்.

மேலே வெள்ளையாக மாவு பூத்தால் கெட்டுப்போகவில்லை. காய்ந்த காற்றில் மேற்பரப்பு தன் தண்ணீரை இழந்திருக்கிறது. ஈரக்கையால் துடைத்தால் போய்விடும்.

ரேசரையும் கவனியுங்கள். படிகாரம் பட்ட விரலோடு தொட்டு, கழுவாமல் வைத்தால், துத்தநாகக் கலவையில் குரோம் பூசிய ரேசர்களில் பூச்சு புள்ளி புள்ளியாக உரியும். பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கும். எதுவானாலும் கழுவித் துடைத்தே வையுங்கள்.

கீழே விழுந்து உடைந்துவிட்டது. உருக்கி ஒட்டலாமா?

உருக்கலாம், ஆனால் நேரடித் தீயில் அல்ல. படிகாரம் 92 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன் தண்ணீரிலேயே உருகும். நேரடியாக அடுப்பில் வைத்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, கட்டி பொரிந்து, உப்பி, பஞ்சு போன்ற வெள்ளைச் சுண்ணமாகிவிடும். சித்த மருத்துவத்தில் பொரித்த படிகாரம் என்பது அதுதான். முகத்தில் தேய்க்கும் கட்டியாக அது மறுபடி சேராது.

கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தை வைத்து, துண்டுகளை அதில் போட்டு, தட்டால் மூடி உருக்குங்கள். முழுக்க உருகியதும் சிலிக்கான் அச்சில் ஊற்றி, துணியால் சுற்றி, மெதுவாக ஆற விடுங்கள். வேகமாக ஆறினால் விரிசல் விடும். கண்ணாடித் தெளிவு போய்க் கட்டி வெள்ளையாகத்தான் வரும், வேலையில் குறையில்லை. உருகிய படிகாரம் தோலில் பட்டால் கொப்புளம் வரும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால், பெரிய துண்டின் விளிம்பை மட்டும் வாட்டர் பேப்பரில் உருட்டி வைத்துக்கொண்டு, சில்லுகளை இடித்துத் தூளாக்கிக் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். வெட்டுக்காயத்துக்குப் பஞ்சில் தொட்டு வைக்க அது உதவும்.